மகளைப் பின்னால் வரச் சொன்ன நாள்

பிள்ளைகளே, உங்கள் பெரிய அக்கா எப்படி டீச்சர் வேலைக்குப் படிக்கப் போனாள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் மாப்பிள்ளையை வாந்திபேதி கொண்டுபோய்விட்டது. அக்கா திருச்சுழிப் பக்கம் நம் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வயது பத்தொன்பது. எட்டாவது தேறியவள். பருத்தி எடுப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளே போய்விடுவாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "டீச்சர் டிரெயினிங் படிக்கப் போறேன்யா" என்றாள். அந்த ஒரு தடவைதான் கேட்டாள்.

எனக்கு யாரைத் தெரியும்? அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக்கார நண்பரைத் தெரியும். பருத்தி வண்டி ஓட்டிப்போனால் அவர் வீட்டு வாசலில்தான் மாட்டை அவிழ்ப்பேன். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். மதுரையில் பெண்கள் டிரெயினிங் பள்ளி ஒன்றின் விடுதிக்குச் சேலை நெய்து கொடுப்பவர் அவர். போய்ச் சொன்னேன். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே கேட்டார்.

"நம்ம பிள்ளைக்குச் சொல்லாம வேற யாருக்கண்ணே சொல்லப் போறேன்? வெள்ளிக்கிழமை கூட்டியாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லதுக்குப் புறப்படும்போது தாலி இழந்த பெண் எதிரே வரக்கூடாது என்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், யாருக்காகப் போகிறேனோ அவளிடமே, "நான் முன்னால போறேன். நீ கொல்லைப் பக்கமா வந்து ஊருக்கு வெளிய வண்டியில ஏறிக்க தாயி" என்றேன். சரி என்றாள்.

அருப்புக்கோட்டையில் நண்பரும் சேர்ந்துகொண்டார். கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் மதுரை போனோம். பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதே பயம். அக்காவை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் பெரிய டீச்சரின் அறைக்குப் போனோம். நண்பர் என் குடும்பம், நிலம், நாணயம் எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"சேலைக்காரரே, படிக்கப் போறது யாரு? நீங்களா, இவரா?"

"இவுக மகம்மா."

"எங்கே அவள்?"

"வெளிய... மரத்தடியில."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"அவள் உள்ளே வரட்டும். நீங்க ரெண்டு பேரும் போய் மரத்தடியில இருங்க."

அக்கா தலையைக் குனிந்தபடி எங்களைத் தாண்டி உள்ளே போனாள். "ரெண்டு ஆம்பளைகளையும் வெரட்டிப்புட்டாகளே அண்ணே" என்று நண்பர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு நிழல் எப்போதோ நகர்ந்திருந்தது. தரை சுட்டது. கூப்பிடும்வரை இருக்கச் சொன்னேன். இடம் மாறாமல் இருந்திருக்கிறாள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"என்ன தாயி கேட்டாக?"

"வாசிக்கச் சொன்னாக. கணக்குப் போடச் சொன்னாக. உங்கய்யா ஏன் உன்னைய வெளிய ஒக்கார வச்சாருன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"வெயிலா இருக்குன்னு நெழல்ல இருக்கச் சொன்னாகன்னு சொன்னேன்."

நண்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

"எடம் இருக்காம். ஆனி மாசம் வரச் சொல்லிட்டாக" என்றாள் அக்கா.

அந்த நண்பர் இல்லாவிட்டால் அந்தக் கதவு திறந்திருக்காது. அதை நீங்கள் மறக்கக்கூடாது. நான் செய்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனி மாதம் அவள் புறப்பட்ட அன்று, பழக்கத்தில் கொல்லைப் பக்கம் திரும்பினாள். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தலைவாசலில் நின்றேன். தெருவில் குடத்தோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் தயங்கினாள்.

"வெயில் ஏறுது தாயி. நீ முன்னால நட" என்றேன்.