உப்பளத்தில் நான் நடத்திய அரபி வகுப்பு

ஓமன் நாட்டு சலாலாவில் இரண்டு வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டு, 2005 தொடக்கத்தில் மரக்காணம் திரும்பினேன். கொண்டு வந்தவை ஒரு கம்பளி, இரண்டு டப்பா பால் பவுடர், சரளமான அரபி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருந்த வீடு நகரத்துக்குள் இல்லை, பின்னாலிருக்கும் மலையில். மழைக்காலத்தில் மூட்டம் இறங்கினால் வாசலில் நிற்கும் மாடுகூடத் தெரியாது. பகலெல்லாம் வீட்டம்மாவோடுதான் பேச்சு. ஆறே மாசத்தில் எனக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் மட்டும் வேறு மாதிரி பேசுவார்கள். டிவியிலும் வேறு மாதிரிதான். நம் ஊர் செய்தியில் வாசிக்கிற தமிழும் வீட்டில் பேசுகிற தமிழும் ஒன்றா என்ன? அது பள்ளிக்கூட அரபி என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் உப்பள வேலைக்குப் போனேன். சுனாமியில் கடல் பூந்து சேறாகிப்போன பாத்திகளை எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்துகொண்டிருந்த நேரம். கூட வேலை செய்த என் நாத்தனாருக்கு குவைத்தில் ஒரு வீட்டில் வேலை அமைந்தது.

"அண்ணி, எனக்கும் அரபி சொல்லிக் குடுங்க. அங்க போயி திருதிருன்னு முழிக்க முடியாது."

கஞ்சி குடிக்கிற நேரத்தில் வகுப்பு தொடங்கியது. வேடிக்கைக்காக இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீருக்கு 'மிஹ்'. பசுவுக்கு 'லே'. பாலுக்கு 'நுஷுப்'. அதில் வருகிற 'ஷு' நம்முடைய 'ஷு' இல்லை. நாக்கை மேலே ஒட்டிவைத்து, வாயின் ஒரு ஓரமாகக் காற்றைச் சீறவிட வேண்டும். நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சீறுவதைக் கேட்டு மேஸ்திரி ஓடி வந்தார்.

"இன்னாம்மா, பாம்பு கீம்பு பூந்துடுச்சா?"

"அரபி படிக்கிறோம்ணே!"

நாத்தனார் விமானம் ஏறிய பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது.

"இன்னாத்த அண்ணி சொல்லிக் குடுத்தீங்க? மிஹ்ன்னு தண்ணி கேட்டா இந்தம்மா என்னை ஒரு மாதிரி பாக்குது. உடம்பு சரியில்லியான்னு நெத்தியைத் தொட்டுப் பாக்குது. இங்க தண்ணிக்கு 'மாய்'தான் சொல்றாங்க. ஒரு வார்த்தையும் ஒத்து வரலை!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மற்ற இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பூத்துக்குப் போய் சலாலாவுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது அரபின்னு உனக்கு யார் சொன்னது? அது எங்க மலை பாஷை. அரபிக்குச் சொந்தம்தான், ஆனா அரபி இல்லை. நகரத்துக்காரங்களுக்கே புரியாது."

அதற்கு ஜிப்பாலி என்று பெயர். அரபி, எபிரேயம், அம்ஹாரிக் எல்லாம் அடங்கிய ஆப்ரோ-ஆசிய மொழிக் குடும்பத்தில் அதுவும் ஒன்று, பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் எதைக் கேட்டாலும் என் பிள்ளைங்க அரபியிலதான் பதில் சொல்லுது. நீ போனதும் பகல்ல பேச ஆளே இல்லை."

நான் பேச்சை மாற்ற, என்னிடம் படித்த இரண்டு பேர் பக்கத்தில் நிற்பதைச் சொன்னேன். அவளால் நம்ப முடியவில்லை. பேசச் சொன்னாள். எங்களில் மூத்தவள் ரிசீவரை வாங்கி, எச்சில் தெறிக்க, "நுஷுப்!" என்றாள்.

 அந்தப் பக்கம் வீட்டம்மா தன் மகளைக் கூப்பிடுவது கேட்டது. பத்து வயசுப் பெண். முதலில் அரபியில் ஏதோ முனகினாள். அம்மா அதட்ட, கூச்சத்தோடு அந்தச் சொல்லைச் சொன்னாள். வெறும் 'ஷு'தான் வந்தது. எங்கள் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடி இல்ல கண்ணு, ஓரமா ஊது, ஓரமா!" என்று தமிழிலேயே கத்தினாள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

நாத்தனார் மூணே மாசத்தில் குவைத் அரபியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மலை பாஷை வகுப்பு, மழை வந்து உப்பளம் மூடும் வரைக்கும் நடந்தது.