கடைசி ரீலைத் தேடித் தளவாய்புரம்

நானும் நான்கு நண்பர்களும் மூன்று வருடமாக மீட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை ராக்கெட் படம், இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். கடைசி ரீல் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

தளவாய்புரத்தில் பழைய தியேட்டர் ஆபரேட்டர் ஒருவரின் வீட்டுப் பரணில் அது இருப்பதாகத் தகவல் வந்தது. இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மாறிப் போனேன்.

ஆபரேட்டர் பரணிலிருந்து இறக்கித் தந்த டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. பிலிம் முழுவதும் ஒட்டி, வெல்லக்கட்டி போல இறுகியிருந்தது. ஓரத்தை நகத்தால் பிரித்தேன். தூளாக உதிர்ந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, நிலாவுக்குப் போன மூணு பேரும் திரும்பி வாராங்களா, இல்லையா? அதையாவது சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் டப்பாவை எடுத்து மூடினார்.

"எம்புட்டோ தடவ ஓட்டிருக்கேன் தம்பி. ஆனா கடைசி ரீலு ஓடும்போது, முந்துன ரீலத் திருப்பிச் சுத்திக்கிட்டு இருப்பேன். முடிவ நான் பாத்ததே இல்ல."

நண்பர்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், திரும்பும்போது போனை அணைத்தே வைத்திருந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது முடிவைப் பார்த்திருந்தால் கேட்டு எழுதுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க முன்னாலேயே எழுந்து ஓடியவர்கள் மட்டும் வேண்டாம்.