தப்பாவே படி

நான் வேலை பார்க்கும் ஆலத்தூர் நாடு என்னும் மலைக்கிராமப் பள்ளியில், வாசிப்புத் தேர்வில் பிள்ளைகளின் குரலைச் செல்போனில் பதிகிறோம். இன்று போனை நீட்டியதும் மூன்றாம் வகுப்பு கனிகாவின் உதடுகள் நடுங்கின.

அவள் வயதில், தப்பாக வாசித்தால் விழும் பிரம்படிக்குப் பயந்து, ஒருநாள் மரவள்ளிக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். ஈரமண் வாசனை மூக்கில் ஏற, எறும்புகள் காலில் ஊர, அசையாமல் கிடந்தேன். சாயங்காலம் அப்பா கண்டுபிடித்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அவரோ பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் இப்படி ஒளிஞ்சுதாங் கண்ணு படிப்ப உட்டேன். நீ உட்றாத சாமி."

என் காலில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டார்.

பயம் இருக்கும் இடத்தில் படிப்பு ஏறாது என்று ஆசிரியர் பயிற்சித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கனிகாவிடம் நீட்டிய போனை அணைத்தேன்.

"தப்பாப் படிச்சா எங்கப்பனுக்குப் போன்ல போயிருமுங்களா டீச்சர்?" என்றாள் கனிகா.

"போகாது கண்ணு. தப்பாவே படி, நான் மட்டுந்தான் கேக்கறேன்."

அவள் முதல் எழுத்தைச் சொன்னாள்.