கருத்த சீட்டுப் போளி

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் கத்திரிக்காயை எடை போட்ட பெண், மெஷின் துப்பிய லேபிளைப் பையில் ஒட்டிக் கையில் கொடுத்தார். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தடவிக்கொண்டே வழியை மறித்து நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர் முறைத்தார். நான் அந்த நேரம் கடம்பூரில் இருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நெய்யும் ஏலக்காயுமாக வாசம் மூக்கில் ஏறுகிறது. வயசாகிறது, வேறென்ன.

கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லேபிள் பிரிண்டர் மாட்டிக் கொடுப்பது என் வேலை. மூன்று மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் முதலாளி. அண்ணாச்சி தங்கமான மனுஷர், விற்ற மெஷின் திரும்பி வராத வரைக்கும். நான் தனியாகப் போன முதல் இடம், கடம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் செல்லக்கனி அக்காவின் போளிக் கடை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒருவர், தேதி போட்ட லேபிள் இருந்தால்தான் அக்காவின் போளியை வாங்குவேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்காக இந்த மெஷின்.

மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் வித்தை மாதிரிக் காட்டுவேன். ரோலை நகத்தால் கீறினால் கருப்பாகக் கோடு விழும். அந்தப் பக்கம்தான் அச்சு விழுகிற பக்கம். இங்க்கும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம், சூடு பட்டாலே எழுத்து விழுந்துரும்க்கா என்று பீற்றிக்கொண்டேன். பட்டனை அமுக்கிப் பிடித்ததும் மெஷின் நாலு லேபிள் சீட்டை வெறுமனே தள்ளி, சீட்டுக்குச் சீட்டு இடைவெளியைத் தானே அளந்துகொண்டது. அடுத்த சீட்டில் கடை பேரும் தேதியும் பளிச்சென்று விழுந்தன. அக்கா சந்தோஷத்தில் ரெண்டு போளி கொடுத்தார். தின்றுகொண்டே கிளம்பினேன்.

கோவில்பட்டி வந்து வண்டியை நிறுத்தவில்லை, போன் வந்துவிட்டது. சீட்டெல்லாம் கருத்துப்போச்சாம். திரும்பிப் போனேன். மெஷினில் போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் வருகிறது. ஒட்டிய பாக்கெட்டில் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது. கரிசல் தூசிதான் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் பக்கம் காற்றடிக்கிற மாசத்தில் எதற்கும் தூசியைக் காரணம் சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அச்சடிக்கிற பட்டையைத் துடைத்தேன். மறுநாளும் போன். கரண்டு சரியில்லை என்றேன், அச்சின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் ரோலே மட்டம் என்று வேறு ரோல் மாட்டினேன். அன்றைக்குக் கடை வாசலிலேயே முதலாளி நின்றார்.

"நாளைக்கு அந்த மெஷின் இங்கன வந்துச்சுன்னா, நீ வராதல."

எங்க ஊர் இடைசெவலில் எங்கப்பா, மகனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

நாலாம் நாள் விடிந்ததும் கடம்பூர் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். மெஷின் பேரில் ஒரு குற்றமும் இல்லை. அக்கா கல்லில் இருந்து எடுத்த போளியைச் சுடச்சுட அஞ்சஞ்சாக அடுக்கி, தாளில் பொதிந்து, கவரில் போட்டு, மேலே சீட்டை ஒட்டினார். என் கண் முன்னாலேயே சீட்டு சாம்பல் பூத்து, நடுவில் வட்டமாகக் கருத்தது. சூடு பட்டாலே எழுத்து விழும் என்று சொன்ன மேதாவி நான்தானே! தலையில் அடித்துக்கொண்டேன். பொதிந்து வைத்து, ஆறிய பிறகு ஒட்டலாமே என்றேன். அக்கா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார்.

"ஆறுன போளிய அனுப்ப நான் எதுக்கு? சூடாப் போய்ச் சேரணும்னுதான் மொத பஸ்ஸப் பிடிக்கேன். ஒஞ் சீட்டுக்காவ என் போளிய மாத்தச் சொல்லுதியா? மெஷின எடுத்துட்டுப் போ தம்பி."

எடுத்துக்கொண்டு எங்கே போக? கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நிமிஷம் வாங்கினேன். கம்ப்யூட்டரில் தேதியைச் சீட்டின் மேல் ஓரத்துக்குத் தள்ளினேன். அந்த ஓரம் மட்டும் போளி மேல் படாமல் கவர் மடிப்பில் வரும்படி ஒட்டச் சொன்னேன். தேதி தப்பித்தது, நடுவில் இருந்த கடை பேர் கருத்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது, அப்படியே ஏற்றிவிட்டோம். சரக்கு திரும்பி வரும் என்று ரெண்டு பேருக்குமே தெரியும். மத்தியானம் மிட்டாய்க் கடைக்காரர் போன் பண்ணினார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லாம் வித்துட்டுக்கா. கருத்த சீட்டுன்னா சூடா இருக்குன்னு சனம் தடவிப் பாத்து எடுக்காவ. மத்தவன் போளி வெள்ளச் சீட்டோட அப்பிடியே கெடக்கு. நாளைக்கும் கருத்ததாவே அனுப்புங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு. எப்படில சரி பண்ணுன என்று முதலாளி கேட்டார். செட்டிங் அண்ணாச்சி என்றேன். அது பொய்யும் இல்லை பாருங்கள். வேலை நிரந்தரமாயிற்று. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள், கருத்த சீட்டு இருக்கா என்று கேட்டு வாங்குவதை எத்தனையோ தடவை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பிறகு வெளியூர்க் கடைகள் பார்கோடு கேட்டன. கருத்த சீட்டில் பார்கோடு எங்கே படிக்கும்? அக்காவின் மகன் என்னைக் கூப்பிட்டார். ரிப்பன் போட்ட புது மெஷினை நானே கொண்டுபோய் மாட்டினேன். அதில் அடித்த சீட்டு எந்தச் சூட்டுக்கும் கருக்காது. அக்கா ஒரு சீட்டை வாங்கிச் சுடுகிற பாக்கெட்டில் ஒட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே சூடா இருக்கான்னு வாங்குதவியளுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

தேதிதான் தெளிவா இருக்கே அக்கா என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் கேபிளைச் சுருட்டினேன். பெரிய கெட்டிக்காரன்.

போன மாசம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் வாங்கினேன். வெள்ளைவெளேரென்று சீட்டு, அன்றைய தேதி. உள்ளே போளி விறைத்துக் கிடந்தது. அக்கா இப்போது கல்லில் நிற்பதில்லையாம். முதல் நாள் சாயங்காலமே சுட்டு அடுக்கிவிட்டு, காலையில் தேதி அடித்து ஒட்டுகிறார்களாம். போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வண்டியைக்கூடக் கடம்பூர்ப் பக்கம் திருப்பினேன். ஆனால் யாரிடம் சண்டை போட? அந்த மெஷினை மாட்டிக் கொடுத்தவன் நான்தான்.