காப்புக் கட்டிய ஊரில் எங்கள் அப்பா

அன்பார்ந்த உறவினர்களே, நண்பர்களே, சபையாரே!

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்கள் ஒவ்வொருவரையும் எங்கள் குடும்பத்தின் சார்பில் வணங்குகிறேன். விவாத மேடைகளில் எதிரணி எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசப் பயின்றவள் நான்; பரிசுக் கோப்பைகளை அப்பாவின் தையல் மேசை மீதே அடுக்கி வைத்தவள். ஒவ்வொரு போட்டியிலிருந்து திரும்பும்போதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" என்பதன்று. "எதிர்ல பேசுனவங்க இன்னா சொன்னாங்க?" என்பதே. அந்தக் கேள்வியை அவர் எங்கே கற்றார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஜவ்வாது மலையின் அடிவாரச் சிற்றூர் ஒன்றில், கிறிஸ்தவ உழவுக் கூலிக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். மானாவாரி நிலமும் பொய்க்கும் மழையும் அவருடைய பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தின. திருப்பத்தூரில் ஒரு தையற்கடையில் காஜா எடுத்துத் தொழில் கற்றார். தமக்கென ஒரு தையல் இயந்திரம் வாங்கியபின் அம்மாவை மணந்தார். வாரம் முழுவதும் தைத்து, சனிக்கிழமை ஜீப் ஏறி மலைக்குச் சென்று நற்செய்தி சொல்வதைத் தம் கடமையாக வரித்துக்கொண்டார். அதற்காக எவரிடமும் சம்பளம் பெற்றதில்லை. "புறப்பட்டுப் போய்ச் சொல்லுங்கள்" என்று ஆண்டவர் இட்ட கட்டளை தமக்கும் இடப்பட்டது என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. எப்படிச் சொல்வது என்பதைத்தான் அவர் கற்க வேண்டியிருந்தது. அதைக் கற்பித்தது மலைமேல் உள்ள நெல்லிவாசல்நாட்டின் ஒரு குக்கிராமம்.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது. இளமை வேகத்தில் அப்பா ஒரு கணக்குப் போட்டார்: திருவிழா என்றால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் பிரசங்கம் செய்யலாம். கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியோடு மாலையில் அவ்வூர் சென்று சேர்ந்தார். அன்றுதான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கடைசி ஜீப்பும் போய்விட்டது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டார். விடிந்ததும் புறப்பட்டவரை ஊர்க்கவுண்டர் மறித்தார்.

"எங்க கெளம்பிட்ட, உபதேசியாரே?"

"வூட்டுக்குங்க."

"அது முடியாது. காப்புக் கட்டுன ராத்திரி எல்லைக்குள்ள தங்குனவன், கூழு ஊத்தி மஞ்சத் தண்ணி ஆடுற வரைக்கும் எல்லைய தாண்டக் கூடாது. உள்ளூருக்கும் அதான், வெளியூருக்கும் அதான்."

"நான் வேற சாமிய கும்புடுறவனுங்களே?"

"உன் சாமிக்கு இது தெரியாம இருக்கலாம். எங்க ஆத்தாளுக்குத் தெரியும்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அப்பா நினைத்திருந்தால் வாதிட்டிருக்கலாம். அவர் மீறி நடந்திருந்தால் அங்கே எவரும் கட்டிப்போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒலிபெருக்கியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கே திரும்பினார். ஏன் என்று பின்னாளில் நான் கேட்டேன். "அவங்க எல்லைய நான் மதிக்கலன்னா, எந்த வாயால அவங்ககிட்ட என் ஆண்டவரப் பத்திப் பேசுவேன்?" என்றார். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ வாதங்களைக் கேட்டுவிட்டேன். இதற்கு மறுப்பு எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

கணவரைக் காணாமல் அம்மா இங்கே பதறிக்கொண்டிருந்தார். அம்மா அனுப்பிய ஜீப் ஓட்டுநர் அண்ணன், தாமும் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சி, எல்லைக்கு வெளியே வண்டியை நிறுத்திக் குரல் கொடுத்தார்.

"உபதேசியாரே! வூட்ல அழுவுறாங்க! இன்னா ஆச்சு?"

"காப்புக் கட்டிட்டாங்கப்பா! கூழு ஊத்துனதும் வர்றேன்னு சொல்லு!"

ஓட்டுநர் அண்ணன் வந்து அம்மாவிடம், "பயப்படாதக்கா, உங்க வூட்டுக்காரர மாரியம்மா புடிச்சி வெச்சிருக்கா" என்றார். அம்மா அவரைத் துடைப்பத்தோடு துரத்திய வரலாற்றை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை.

அங்கே அப்பா சும்மா இருக்கவில்லை. பந்தலுக்குக் கால் நட்டார், தண்ணீர் சுமந்தார், பிள்ளைகளின் கிழிந்த சட்டைகளைக் கையால் தைத்துக் கொடுத்தார். ஒன்றை மட்டும் முதல் நாளே பணிவோடு சொல்லிவிட்டார்: "படையல் போட்டத நான் சாப்புட மாட்டேன். தப்பா நெனைக்காதீங்க." கவுண்டரின் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க எல்லைக்கு நீ கட்டுப்பட்ட. உன் வாய்க்கு நாங்க கட்டுப்பட மாட்டோமா?" என்று சொல்லி, திருவிழா முடியும்வரை தனிச் சட்டியில் அவருக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போட்டார்.

இறுதி நாள் மஞ்சள் நீர் காய்ந்தபின் கவுண்டர் கேட்டார்: "இத்தினி நாளு இருந்த. உன் சாமியப் பத்தி ஒரு வார்த்த பேசலியே, இன்னாத்துக்கு?"

"உங்க வூட்டு விசேஷத்துல வந்து என் பாட்ட பாடுறது விருந்தாளிக்கு அழகுங்களா?"

"இப்பதான் விசேஷம் முடிஞ்சிச்சே. சொல்லு, கேப்போம்."

காணாமற்போன ஒரே ஓர் ஆட்டைத் தேடி, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுப் போன மேய்ப்பனின் கதையை அப்பா சொன்னார். ஒலிபெருக்கி இல்லை, உட்கார்ந்தபடி, மெல்லத்தான் சொன்னார். அனைவரும் அமைதியாகக் கேட்டார்கள். கவுண்டரின் மனைவி மட்டும் எழுந்தார்.

"இரு, இரு. அந்தத் தொண்ணூத்தொம்பதயும் யாரு பாத்துக்குனாங்க? நரி வந்து அடிச்சிருந்தா?"

அப்பா அதுவரை இக்கதையைச் சொல்லிவந்த, ஆடு வளர்க்காத ஊர்களில் அக்கேள்வி எழுந்ததே இல்லை. "அத நான் யோசிக்கலம்மா. அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்றார்.

உறவினர்களே, எங்கள் அப்பாவின் ஊழியம் உண்மையில் தொடங்கியது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அடுத்த வாரம் ஒரு பதிலோடு போனார்: "வேற மேய்ப்பருங்க கையில ஒப்படைச்சிட்டுப் போயிருப்பாரும்மா." அந்த அம்மா விடவில்லை: "போன வாரம் கதைல அது இல்லியே! இப்ப நீயா சேக்குற." அதற்கடுத்த வாரம் வேறொரு பதில். அதிலும் ஓட்டை. இப்படியே ஆண்டுகள் ஓடின. கேள்வி தீரவில்லை, போக்குவரத்தும் நிற்கவில்லை. இடையில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜெபிக்க அழைத்தார்கள். பிரசவ வலி கண்டவர்களை மலையிறக்கத் துணைக்கு அழைத்தார்கள். பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்க அழைத்தார்கள்.

ஆயினும் ஞானஸ்நானம் என்று எடுத்துச் சொல்ல நெடுங்காலம் எதுவும் இல்லை. ஒருமுறை கூட்டத்தில் சபைப் பெரியவர் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: "இத்தன வருஷமா மலை ஏறுறீங்களே, பலன் எங்கங்க?" அப்பா எழுந்து, "அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்கய்யா" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். சிலர் சிரித்தார்கள். அம்மா அன்று வீட்டுக்கு வந்து அழுதார். அப்பா உறங்காமல் புரண்டதையும் நான் அறிவேன். தம் அழைப்பு வீணாயிற்றோ என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. மறு சனிக்கிழமை அந்த அச்சத்தையும் சுமந்துகொண்டே ஜீப்பில் ஏறினார்.

இன்று அவ்வூரில் தாமாக விரும்பிச் சனிக்கிழமை ஜெபத்துக்குக் கூடும் குடும்பங்கள் உண்டு. எத்தனை என்று எழுதமாட்டேன். எண்ணிச் சொல்வது அப்பாவுக்குப் பிடிக்காது. கவுண்டர் அவர்களுள் ஒருவர் அல்லர். ஆண்டுதோறும் காப்புக் கட்டுகிறவர் அவர்தாம். அவர் மனைவி மட்டும் பின்வரிசையில் வந்து அமர்வார், கேள்வி கேட்பதற்கென்றே.

சென்ற ஆண்டு ஆடியில் அப்பாவின் இதயம் தளர்ந்தது. மருத்துவமனைப் படுக்கையில், "இந்த வாரம் போவ முடியலன்னு மலைக்குச் சொல்லி அனுப்புங்க" என்பதே எங்களிடம் அவர் கடைசியாகச் சொன்ன வேலை. சில நாள்களில் அமைதியாகக் கண்மூடினார்.

அப்பா இறந்த அன்று மாலைதான் மலையூரில் காப்புக் கட்டுவதாக இருந்தது; ஜீப்பில் செய்தி சொல்லி அனுப்பியிருந்தோம். அம்மா அதை நினைவில் வைத்திருந்தார். மறுநாள் காலை, அப்பாவின் உடலருகே அமர்ந்து, "காப்புக் கட்டியிருப்பாங்க. எல்லைய தாண்ட முடியாது. அவங்கள எதிர்பாக்காத, கண்ணு" என்று எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, தாமே அடிக்கடி வாசலைப் பார்த்தார். தம் கணவர் ஓர் ஆயுளைக் கொடுத்த ஊர் வருமா, வராதா? அம்மாவுக்கு அன்று வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

நண்பகலில் ஜீப்புகள் வந்து நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் இறங்கியவர் கவுண்டர். அவர் மணிக்கட்டில் காப்பு இல்லை.

அம்மா திகைத்து எழுந்தார். "காப்பு இன்னும் கட்டலீங்களா?"

"எப்புடிம்மா கட்டுறது?" என்றார் கவுண்டர். "ஊர்ல சாவு வுழுந்தா காப்புக் கட்டக் கூடாது. எங்க ஊர்ல சாவு வுழுந்துட்சி."

அம்மா அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைக் காக்கப் போராடிய மருத்துவர்கள், செவிலியர்கள். அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயா. உணவு சமைத்துக் கொடுத்த இந்து, கிறிஸ்தவ அண்டை வீட்டார். துடைப்பத்தை மறந்து அன்று ஓடி ஓடி உழைத்த ஓட்டுநர் அண்ணன். தம் தெய்வத்தின் விழாவையே தள்ளிவைத்து வந்த மலையூர் மக்கள். அனைவருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி.

சென்ற வாரம் கவுண்டர் சொல்லியனுப்பினார்: "வர்ற செவ்வாக்கெழம காப்புக் கட்டுறோம். உபதேசியார் வூட்ல இருந்து வரணும். வந்தா நடுவுல போவ முடியாது, மாத்துத் துணி எடுத்துக்குனு வரச் சொல்லுங்க." தனிச் சட்டியைக் கழுவி வைத்திருப்பதாக அவர் மனைவி சொன்னாராம்.

அம்மாவும் நானும் போகிறோம். நேற்று துணிகளை மடித்துக்கொண்டே அம்மா கேட்டார்: "அந்தம்மா தொண்ணூத்தொம்பது ஆட்டப் பத்திக் கேட்டா நீ இன்னாடி சொல்லுவ? பேச்சுல பெரிய ஆளாச்சே!"

"அடுத்த வாரம் வந்து சொல்றேன்னு சொல்லுவேம்மா."

அம்மா சிரித்தார். இந்த ஓராண்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.