ஏரிக்கரையில் போட்ட நம்பர்

குழாயில் தண்ணீர் வருமுன் காற்று வரும்; "உஸ்" என்ற அந்தச் சத்தம் கேட்டதும் தாராவியில் எங்கள் சந்து முழுவதும் குடமும் வாளியுமாக ஓடும். எப்போது வரும் என்று நிச்சயமில்லாததால், வேலைக்குப் போகிறவர்கள் உடைந்த செங்கலையோ நசுங்கிய டப்பாவையோ வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் "நம்பர்", செங்கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அந்த நம்பர்களுக்கெல்லாம் காவல், என்னைவிடச் சின்னவளான கனி. ஒருநாள் நான் என் டப்பாவை நைசாக முன்னே தள்ளியபோது, "எலே, பின்னாடி வையி. மாரியக்கா வேலைக்குப் போயிருக்காவ, செங்கல்லுக்கு வாய் இல்லன்னு நெனச்சியோ?" என்று சந்தே சிரிக்கக் கேட்டாள். பிற்பாடு அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, தாராவியிலும் விக்ரோலியிலும் தோல் பை தைக்கிற பட்டறைகள், எல்லாம் நானே எழுப்பியவை. எந்த ஆபீஸானாலும் நான் போய் நின்றால் வேலை நடக்கும். கனிக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியதும், அமைதியான இடம் நல்லது என்று மகன் சொன்னான். செலவைப் பார்க்காமல் இந்தக் கோடையில் ஆஸ்திரியாவில் ஏரிக்கரை மலையூர் ஒன்றுக்குப் போனோம்.

அங்கே மனிதச் சத்தமே கிடையாது. தெருவோர மரத்தொட்டியில் மலைத்தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். கிளம்பும் நாள் காலையில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டுப் பார்த்தால் கனியைக் காணோம். தொட்டி முன்னால் ஏரிக்கரைக் கற்களை வரிசையாக வைத்துக் காவல் நின்றாள்.

"ஃப்ளைட் போயிரும், சலோ, வாம்மா" என்று மகன் கையைப் பிடித்தான்.

"விடுப்பா. இது மாரியக்கா, இது தங்கம். அவிய வராம நான் எப்படி வர? தண்ணி நின்னுரும்லா."

மாரியக்கா செத்து வெகுகாலம். எங்கள் சந்திலிருந்து மான்குர்த்துக்குக் குடிபோன தங்கத்தைப் பற்றித் தகவலே இல்லை. யாரைக் கூப்பிட? மகன் தூக்கப் பார்த்ததும், தொட்டி விளிம்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை பேரை வேலை வாங்குகிற எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. கிட்டப்போய், "கனி, நான்தான்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணாச்சி, பெரிய மனுசனா இருக்கீரு, நீரே இடையில நுழையலாமா? ஒரு கல்லை வச்சிட்டுப் பின்னாடி நில்லும்."

கட்டிய கணவனை அண்ணாச்சி என்கிறாள். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கிக் கடைசியில் வைத்துவிட்டு நின்றேன். வெயில் ஏறி, அவளே அசந்து மகன் தோளில் சாய்ந்த பிறகுதான் வண்டியில் ஏற்ற முடிந்தது. அதற்குள் விமானம் போயிருந்தது.

ஊர் திரும்பிவிட்டோம். எங்கள் சந்தில் இப்போது குழாயடி இல்லை, வீட்டுக்கு வீடு குழாய், யாரும் யாருக்கும் நம்பர் காப்பதில்லை. சுனாபட்டியில் நான் வாங்கிய வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் கொட்டுகிறது. டம்ளரை நீட்டினால் மட்டும் கனி வாங்க மாட்டேன் என்கிறாள். உதடு காய்ந்து கிடக்கிறது.

"முன்னாடி ஆளுக நிக்காவளே, அண்ணாச்சி."