வாடகைக் காரில் மூன்று கிழமை

அண்ணை கனடாவிலிருந்து போன் எடுத்தவுடன் கேட்டது என்னைப் பற்றியோ என் பிள்ளைகளைப் பற்றியோ அல்ல.

"தங்கச்சி, உங்கை வாடகைக்குக் கார் எடுக்கலாமோ? ட்றைவர் வேண்டாம். நானே ஓடப்போறன்."

இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வரப்போகிறார் என்பதே அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணி வரவில்லை, மகன் வரவில்லை, தனியாகத்தான் வருகிறாராம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நிற்பாராம்.

"எங்கடை றோட்டிலை ஓடுவியளே அண்ணை? பஸ்சும் மாடும் சைக்கிளும் ஒண்டாத்தான் வரும்" என்றேன்.

"நீ பக்கத்திலை இருந்து சொல்லு, நான் ஓடுறன்."

நாங்கள் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவர்கள். ஐயா, எங்கள் அப்பா, கப்பலோட்டி. நான் ஒரு தோட்டக்காரரைக் கலியாணம் செய்து கோப்பாய்க்கு வந்து, வெங்காயமும் புகையிலையுமாக வாழ்ந்துவிட்டேன். எங்கள் வீடு இருக்கிற சின்னத் தெருவில், ஒழுங்கை முடிவில், ஒருவர் இருக்கிறார். பல வருடம் சவூதியில் லொறி ஓடியவர். திரும்பி வந்து இரண்டு கார் வாங்கி வாடகைக்கு விடுகிறார். அவரிடம் போய்க் கேட்டேன்.

அதன்பிறகு பத்து நாட்கள் நான்தான் இருவருக்கும் இடையில் நடந்து திரிந்தேன். அண்ணை கேள்விகளாக எழுதி அனுப்புவார். இன்சூரன்ஸ் யார் ஓடினாலும் செல்லுமா, சொந்தக்காரர் ஓடினால் மட்டுமா? வாடகைக்கு விடுகிற வாகனம் என்று அதில் எழுதியிருக்கிறதா? இடையில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? டயர் எத்தனை வருடப் பழசு? டிக்கியில் இருக்கிற மாற்று டயருக்குக் காற்று இருக்கிறதா?

கார்க்காரர் சிரித்தார். "அக்கா, உங்கடை அண்ணை காரை வாடகைக்கு எடுக்கிறாரோ, விலைக்கு வாங்கிறாரோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அண்ணை அப்படித்தான். கனடாவில் வாகன உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்பதை அதன் இலக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று அண்ணி சொல்லுவார். எதையும் திருப்பிப் பார்க்காமல் கையில் வாங்கமாட்டார்.

அவர் ரயிலில் வந்து இறங்கியபோது எனக்கு ஆளை உடனே தெரியவில்லை. போனில் பார்த்த முகம்தான், ஆனால் உடம்பு பாதியாகியிருந்தது. சேட்டு தோளில் தொங்கியது. "குளிர் நாட்டிலை சாப்பாடு இறங்காது" என்றார். நான் நம்பினேன். அடுத்த நாள் காலை என் கணவரோடு போய்க் காரை எடுத்து வந்தார். நான் அடுப்படியில் நின்றேன். ஏன் இவ்வளவு நேரம் என்று இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மூன்று கிழமையும் அண்ணை ஓட நான் பக்கத்தில் இருந்தேன். எங்களிடம் ஐயாவின் படம் ஒன்றுகூட இல்லை. சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது அல்பத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு நாளில் திரும்பலாம் என்று வந்தோம். பிறகு வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. படம்தான் இல்லை, கதையாவது இருக்கட்டும் என்றார் அண்ணை. காரை எடுத்தவுடன் தன் போனை ஸ்டியறிங்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, குரல் பதிகிற பொத்தானை அழுத்துவார்.

"சொல்லு. ஐயா வந்து இறங்கினால் முதல் என்ன செய்வார்?"

"என்னத்தைச் சொல்லுறது? குளிப்பார்."

"எங்கை குளிப்பார்? ஆர் தண்ணி அள்ளுறது?"

"அம்மா அள்ளி ஊத்துவா. நீங்கள் எட்ட நிண்டு சிரிப்பியள்."

ஒன்று சொல்லத் தொடங்கினால் பத்து வந்தது. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாதது அவருக்கு. சில நாட்களில் அலுத்தும் போனது. "போதும் அண்ணை, அதை நிப்பாட்டுங்கோ. எனக்குப் பின்னேரச் சமையல் கிடக்கு" என்று சிடுசிடுத்திருக்கிறேன். அவர் நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் ஓடுவார். இப்போது அந்தப் பேசாத தூரங்கள்தான் நெஞ்சை அறுக்கின்றன.

இரண்டாம் கிழமை, பருத்தித்துறைக்குப் போகும் வழியில், நெல்லியடிக்குக் கிட்ட காரின் முன்பக்கத்திலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணை உடனே ஓரங்கட்டி, மூடியைத் திறந்து பார்த்தார்.

"பெல்ட் வெடிச்சுப்போச்சு. இன்னும் ரெண்டு கட்டை தூரம் ஓடியிருந்தால் எஞ்சினும் சேர்ந்து போயிருக்கும்."

முதலில் கார்க்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னார். அவர் வேறு ஓட்டத்தில் நின்றார், நீங்களே மாற்றுங்கோ என்றார். "அவரைக் கேட்காமல் இந்தக் காரிலை ஒரு ஆணியும் மாத்தக்கூடாது" என்று அண்ணை எனக்கு விளக்கம் சொன்னார். பிறகு பக்கத்துக் கராஜில் காரை விட்டுவிட்டு, உதிரிப்பாகக் கடைக்கு நடந்தோம். ஐந்து நிமிட நடைக்கு அவர் இரண்டு இடத்தில் நின்றார். வெயில் என்று நினைத்தேன்.

கடைக்காரர் பெட்டியோடு ஒரு பெல்ட்டை மேசையில் வைத்தார். "ஒறிஜினல், ஐயா. யப்பானிலை செய்தது."

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். பெல்ட்டை வெளியில் எடுத்து உட்பக்கமாக மடித்தார். மூக்கில் வைத்து மணந்தார். விரலால் எழுத்தைத் தேய்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"தம்பி, பெட்டியிலை இருக்கிற இலக்கம் வேறை, பெல்ட்டிலை இருக்கிறது வேறை. எழுத்தும் கையோடை வருது. உது யப்பான் இல்லை."

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "எங்களுக்கும் உப்பிடித்தான் வருது. நான் செய்யிறதோ?"

"நீங்கள் செய்தது எண்டு நான் சொல்லேல்லை. வேறை கிடந்தால் தாருங்கோ. சும்மா பெட்டியிலை கிடந்தாலும் பரவாயில்லை, இலக்கம் ஒண்டாய் இருந்தால் சரி."

அவர் உள்ளே போய் நேரமெடுத்துத் தேடி இன்னொன்றைக் கொண்டுவந்தார். அண்ணை பழைய பெல்ட்டின் துண்டைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து, பல் எண்ணி, தலையாட்டினார். புறப்படும்போது கடைக்காரர், "எங்கை ஐயா வேலை செய்யிறியள்?" என்று கேட்டார். "செய்தனான்" என்றார் அண்ணை. விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

பெல்ட் பூட்டி முடியும்வரை தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அண்ணை வடையைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து மூன்று குளிசை எடுத்து விழுங்கினார்.

"என்ன குளிசை?"

"பிறஷருக்கு."

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, என் போனை வாங்கிப் பார்த்தார். மகளின் கலியாணப் படங்கள் முழுவதும் அதில் மட்டும்தான் இருந்தன.

"உதை விழுத்தினால் என்ன செய்வாய்?"

"விழுத்தமாட்டன்."

"அல்பத்தையும் துலைக்கமாட்டம் எண்டுதான் அலுமாரிக்குள்ளை வைச்சனாங்கள். மூண்டு இடத்திலை வைக்கோணும், பிள்ளை. ஒண்டு கையிலை, ஒண்டு வீட்டிலை, ஒண்டு வேறை ஒரு ஊரிலை. வைச்சதோடை விடாமல், இடைக்கிடை திறந்தும் பாக்கோணும்."

பக்கத்துக் கடையில் ஒரு பென் டிரைவ் வாங்கி, அன்று பின்னேரம் என் படங்கள் எல்லாவற்றையும் அதில் போட்டுத் தந்தார். இன்னொரு பிரதியைத் தன் மகனுக்கு அனுப்பிவைத்தார்.

"அப்ப நீங்கள் பதியிறதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அது பெரிசு. உங்கடை இன்ரர்நெற்றிலை போகாது. வீட்டை போய் ஆறுதலாய்ச் செய்வன்."

அண்ணை திரும்பிப் போய் ஒன்பதாவது கிழமை, அவர் செத்துப்போனார் என்று அண்ணி போன் எடுத்துச் சொன்னார். நுரையீரலில் புற்றுநோய். வருவதற்கு நான்கு மாதத்துக்கு முன்பே தெரியுமாம். எனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். "அவள் அழுதுகொண்டு பக்கத்திலை இருந்தால் நான் எப்பிடிக் கார் ஓடுறது?" என்று கேட்டாராம். செத்தவீட்டைப் போனில் பார்த்தோம். என் கணவர் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடையில் படம் உறைந்து உறைந்து வந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகுதான் அந்தப் பதிவுகளை அனுப்பச் சொல்லி அண்ணியிடம் கேட்டேன். போன் பூட்டியிருந்ததாம். கடைசிக் கிழமைகளில் அண்ணை கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார், யாருக்கும் சொல்லவில்லை. மகன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். பிறந்த நாள், வீட்டு இலக்கம், எல்லாம். பிழைக்கப் பிழைக்கப் பூட்டு இறுகி, கடைசியில் போன் தானாகவே எல்லாவற்றையும் அழித்துக்கொண்டது. வேறு இடத்தில் பிரதி இருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் படுத்தவர் எழும்பவே இல்லை.

"அவன் அறையைப் பூட்டிக்கொண்டு அழுறான். அவனை ஏசிப்போடாதை" என்றார் அண்ணி.

நான் யாரை ஏச? இருபத்தேழு வருடம் போனில் கதைத்த ஒரு கதையாவது என்னிடம் பதிவாக இல்லை. குரலைப் பதிந்து அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. எழுத்தில்தான் அனுப்புவார்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. அந்தக் காரின் முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கமரா இருந்தது. றோட்டைப் படம் பிடிக்கிற கமரா. உள்ளே கதைக்கிறதும் அதில் பதியும் என்று அண்ணையே சொல்லியிருந்தார். கீரையை அப்படியே போட்டுவிட்டு ஒழுங்கை முடிவுக்கு ஓடினேன்.

கார்க்காரர் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் கதிரையை இழுத்துப் போட்டார். விசயத்தைச் சொன்னேன். அவர் முகத்திலேயே மறுமொழி தெரிந்தது.

"அக்கா, அந்தக் கமராக் காட் சின்னன். நாலைஞ்சு நாள் ஓட்டம்தான் கொள்ளும். நிரம்பினால் பழசுக்கு மேலை புதுசு பதியும். அண்ணை போனாப்பிறகு எத்தினை பேர் எடுத்து ஓடிட்டினம்…"

"ஒண்டுமே இருக்காதோ?"

"இருக்காது, அக்கா."

எழும்பத் தெரியாமல் இருந்தேன். அவர் தன் போனை எடுத்து மேலே கீழே தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கார் எடுக்கேக்கை அண்ணை சுத்திவர வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினவர். கீறல், நெளிவு எல்லாம் பதிஞ்சு வைச்சால் பிறகு ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை எண்டு. முந்தி ஒருத்தரோடை எனக்குச் சண்டை வந்தபடியால் நான் உதுகளை அழிக்கிறேல்லை. அதிலை கதைச்சிருக்கிறார். பாக்கப் போறீங்களோ?"

நாலு நிமிடம். படத்தில் அண்ணை இல்லை, கார்தான். நீலக் கதவும் சில்லும் மெல்ல மெல்ல நகர்கின்றன. குரல் மட்டும் வருகிறது. "முன் பம்பர், இடப்பக்கம், ஒரு கீறல், ஒரு சாண் நீளம். கதவிலை சின்ன நெளிவு, பழசு. பின் லைட் சரி. டயர், நாலும் பாக்கலாம்." நடுவில் இருமல். படம் ஆடி நிலத்தைக் காட்டுகிறது. பிறகு என் கணவரிடம் சொல்வது கேட்கிறது. "கெதியாய் முடிப்பம். தங்கச்சி சமைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டு நிப்பாள்."

கார்க்காரர் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். நான் அழுது முடியும்வரை வரவில்லை.

அந்தப் படத்தை அண்ணிக்கு அனுப்பினேன். அன்றைக்கே எடுத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "மூண்டு தரம் பாத்தன். கார் கழுவாமல் குடுத்திருக்கிறாங்கள்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அண்ணை போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அண்ணி கேட்டார். காரில் கதைத்ததையெல்லாம் மறக்க முன்னம் தனக்குச் சொல்ல முடியுமா, தான் பதிந்துகொள்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லி வருகிறேன். ஐயா குளித்தது, அம்மா தண்ணீர் அள்ளியது, நான் சொன்னது எல்லாம் ஒழுங்காக வருகிறது. அண்ணை சொன்னதுதான் வரவில்லை. போன கிழமை அண்ணி, ஐயாவை ஊரில் கடைசியாக விட்டுவிட்டு வந்த நாளைப் பற்றி அண்ணை ஏதும் சொன்னாரா என்று கேட்டார்.

சொன்னார். ஒரு பின்னேரம், பருத்தித்துறையிலிருந்து திரும்பி வருகையில், வீடு வரும்வரை அதைத்தான் சொன்னார். மழை பெய்ததாம். ஐயா தன் செருப்பைக் கழற்றி இவரிடம் கொடுத்தாராம். பஸ் வெளிக்கிடும்போது யன்னலுக்குள் கையை வைத்து ஒன்று சொன்னாராம். அந்த ஒன்றைச் சொல்லும்போது அண்ணையின் குரல் மாறியது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் நான், இடியப்பம் அவிக்கவா வாங்கவா என்று கேட்ட மகளுக்குப் போனில் மறுமொழி எழுதிக்கொண்டிருந்தேன். பதிகிறதுதானே, பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

"என்னவாம் சொன்னவர்?" என்று அண்ணி திரும்பக் கேட்டார்.

"தெரியாது அண்ணி" என்றேன். அவர் அதையும் பதிந்துகொண்டார்.